திரும்பி வரும் கோப்பைகள்

சென்ற யூன் மாதக் கடைசியில் எனக்கு அறுபது வயது நிறைந்தது. மகள் என்னை மொன்றியல் நகரமத்தியில் உள்ள ஓர் உணவகத்துக்குக் கூட்டிப்போனாள். மனைவிக்கு அன்று இரவு வேலை. வெளிக்கிடும்போது வழமைபோலச் சொன்னார்: "எதுக்கும் நாலு இடியப்பத்தைச் சாப்பிட்டிட்டுப் போங்கோ. அங்கை வயிறு நிறையாது." நானும் வழமைபோலச் சாப்பிட்டேன். வெளியில் சாப்பிடப் போகுமுன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவது எங்கள் தலைமுறையில் பல வீடுகளில் உள்ள பழக்கம்.

வாசலுக்கு வந்த பிறகுதான் கட்டடத்தை அடையாளம் கண்டேன். 1988இலும் 1989இலும், ஏறத்தாழ இருபது மாதங்கள், அதன் பின்பக்க ஒழுங்கையால் உள்ளே போய்வந்திருக்கிறேன். அப்போது வேறு பெயர், வேறு முதலாளி. நான் அங்கே கோப்பை கழுவினேன். முன்கதவால் போனது அன்றுதான் முதல் தடவை. மகளிடம் உடனே சொல்லவில்லை.

அன்றிரவு தொடங்கிய யோசனையின் தொடர்ச்சிதான் இந்தக் கட்டுரை. நாற்பது வருடங்களாக எழுதப்பட்டுவரும் எங்கள் புலம்பெயர் இலக்கியத்தில் உணவகம் எங்கே இருக்கிறது? சாப்பாடு நிறைய இருக்கிறது. அம்மாவின் சொதி, அம்மம்மாவின் ஒடியல் கூழ், கோயில் வீதியில் வாங்கிய கடலை எல்லாம் இருக்கின்றன. ஆனால் இப்போது வாழும் ஊரில், இந்த மாதத்தில், காசு கொடுத்து, மேசையில் இருந்து, விருப்பத்தோடு சாப்பிடும் ஒரு மனிதனை எங்கள் கதைகளில் நான் அரிதாகவே சந்தித்திருக்கிறேன்.

அந்த மனிதனுக்குப் பதிலாக எங்களிடம் இருப்பவன் கோப்பை கழுவுபவன். (தட்டைக் கோப்பை என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கு, இங்கே பிறந்த வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.) எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த சிற்றிதழ்களைப் புரட்டினால், கவிதையிலும் கதையிலும் அவன் கைகள் சவர்க்கார நீரில் ஊறிக்கொண்டே இருக்கும். பிரெஞ்சில் அவனைப் 'புளோன்ஜர்' என்பார்கள். நேர்ப்பொருள் முக்குளிப்பவன். ஜோர்ஜ் ஓர்வெல் 1933இல் வெளிவந்த தன் முதல் நூலில் பாரிஸ் விடுதியொன்றின் நிலக்கீழ்த் தளத்தில் இந்த வேலை செய்ததை விரிவாக எழுதியிருக்கிறார். சூடு, நாற்றம், வசை, வேலையாட்களுக்குள் இருந்த படிநிலை என்று ஒன்றையும் அவர் விடவில்லை. எங்கள் எழுத்தில் இந்த வேலை பெரும்பாலும் ஓர் அவமானத்தின் குறியீடாகவே நின்றுவிட்டது. ஊரில் ஆசிரியராக இருந்தவன் இங்கே கோப்பை கழுவுகிறான் என்பதோடு கதை முடிந்துவிடும். அவன் கழுவும் கோப்பையில் என்ன இருந்தது என்று கதை பார்ப்பதில்லை.

பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். இங்கே அவரை அண்ணர் என்றே குறிப்பிடுகிறேன். 1987இல் நான் வந்திறங்கியபோது கோட்-டே-நேஜ் பகுதியில் ஓர் அறையில் ஏழு பேர் இருந்தோம். அவர்களில் இருவர் 1986 ஓகஸ்ற்றில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து மீட்கப்பட்ட 155 தமிழரில் அடங்குவர். அண்ணர் வேறு வழியால் வந்தவர். வடமராட்சிக்காரர். சின்ன வயதில் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலைக்கு நின்றவர். எனக்கு வேலை எடுத்துத் தந்தவரும் அவர்தான்.

மேசைகளிலிருந்து திரும்பி வரும் ஒவ்வொரு கோப்பையையும் தண்ணீரில் போடுமுன் ஒரு கணம் பார்ப்பார். "மீனுக்கு இண்டைக்குப் புளி கூடிப்போச்சு. ஆறு பேர் பாதியிலை விட்டிட்டினம்." "இந்த சோஸ் நல்லது, பாணாலை வழிச்சிருக்கிறாங்கள், பார்." பிறகு அடுப்படியில் மிஞ்சிய சட்டியில் விரலை வைத்து ருசி பார்த்துத் தன் தீர்ப்பைச் சரிபார்ப்பார். சில மாதங்களில் தலைமைச் சமையல்காரரே இரவு பத்து மணிக்குப் பின்பக்கம் வந்து அவர் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார். அண்ணருக்குப் பிரெஞ்சு தெரியாது. கட்டைவிரலை உயர்த்துவார், அல்லது உப்புப் பேணியைத் தொட்டுக்காட்டித் தலையை ஆட்டுவார். விமர்சனம் என்பதை நான் புத்தகங்களில் படிக்குமுன் அவரிடம்தான் கண்டேன். எதையும் சும்மா புகழமாட்டார், சும்மா ஏசவும் மாட்டார். சான்று எப்போதும் கையில் இருக்கும்.

ஆனால் அந்த மண்டபத்துக்குள் அவர் ஒருநாளும் இருந்து சாப்பிட்டதில்லை. "ஒருக்கா முன்னாலை போய்ச் சாப்பிடுவம் அண்ணை" என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். "அங்கை இருந்தா எனக்கு இறங்காது" என்றார். பிறகு அவர் ரொறன்ரோவுக்குப் போய், 2011இல் அங்கேயே காலமானார்.

'இறங்காது' என்பதை நெடுநாள் கூச்சம் என்றே விளங்கிக்கொண்டேன். அவருடைய அப்பா ஊர்த் தேநீர்க்கடைக்கு வெளியே நின்று, தனக்கென்று ஒதுக்கிய பேணியில் தேத்தண்ணி வாங்கிக் குடித்தவர். அண்ணர் இதை ஒரேயொரு தடவை சொன்னார், அதுவும் கழுவிக்கொண்டே. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலை இங்கு வந்து திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது.

1972இல் வெளிவந்த அந்த நாவலை நாங்கள் சாதிப் போராட்ட நாவலாகப் படித்தோம். அது சரியான வாசிப்புத்தான். அதோடு அதைத் தேநீர்க்கடையின் நாவலாகவும் படிக்கலாம் என்பேன். 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்துக்குப் பின்னான ஆண்டுகளில் தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் சமத்துவத்துக்கான போராட்டங்கள் பரவின. உள்ளே போய், வாங்கில் இருந்து, எல்லோருக்கும் கொடுக்கும் அதே கிளாசில் ஒரு தேத்தண்ணி குடிப்பதற்காக ஆட்கள் அடி வாங்கினார்கள், உயிரையும் கொடுத்தார்கள். ஈழத்து இலக்கியம் உணவகத்திடம் கேட்ட பெரிய கேள்வி அதுதான்: உள்ளே இருக்க யாருக்கு உரிமை?

புலம்பெயர்ந்த பிறகு நாங்கள் எழுதிய 'எங்கள் ஊர்த் தேநீர்க்கடை' கட்டுரைகளில் இந்தக் கேள்வி காணாமற்போய்விட்டது. பிளேன்ரீ இருக்கிறது, வடை இருக்கிறது, வானொலியில் பழைய பாட்டு இருக்கிறது. வாங்கில் யார் இருந்தார்கள், வெளியில் யார் நின்றார்கள் என்பது இல்லை. இந்த இதழ் உட்பட எங்கள் ஏடுகளில் வந்த நினைவுக் கட்டுரைகள் பலவற்றைப் பற்றி எனக்குள்ள முறைப்பாடு இதுதான். நானும் அப்படி இரண்டு எழுதியிருக்கிறேன். நாக்கு நினைவு வைத்திருப்பதை அப்படியே நம்பி எழுதினால், அந்த நாக்கு எந்தப் பக்கம் இருந்து சாப்பிட்டது என்பது மறைந்துபோகிறது.

மேசைக்குத் திரும்புகிறேன். உணவுப் பட்டியல் பிரெஞ்சில் இருந்தது. மகள் வாசித்துச் சொன்னாள். 1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டம் எங்கள் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது. அதனால் இந்த நகரத்தின் பட்டியல்களை வாசிக்க அவர்களால் முடிகிறது. அவள் அஸ்பரகஸ் கேட்டாள். பரிமாறிய பெண், "அது போன கிழமையோடு முடிந்துவிட்டது, இனி அடுத்த வருடம்" என்றாள். அதை ஒரு பெருமையோடு சொன்னாள். அதற்குப் பதிலாக ஓர்லியன்ஸ் தீவிலிருந்து வந்த ஸ்ரோபெரிப் பழங்கள் இன்று வந்திருக்கின்றன, இரண்டு மூன்று கிழமைதான் இந்தச் சுவை இருக்கும் என்றாள்.

முடிந்துவிட்டது என்ற சொல்லை எங்கள் கடைகளில் நான் கேட்டதில்லை. பார்க் எக்ஸ்ரென்சனில் நான் சாமான் வாங்கும் கடைகளில் பலாக்கொட்டை, முருங்கைக்காய், மரவள்ளி எல்லாம் பன்னிரண்டு மாதமும் உறைந்து கிடக்கின்றன. அதற்கு நான் நன்றியுள்ளவன். முதல் இரண்டு குளிர்காலங்களையும் அவை இல்லாமல் கழித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் எங்கள் ஊர்ச் சாப்பாடு ஒருபோதும் இப்படி இருந்ததில்லை. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கு ஒரு காலம் இருந்தது. பனங்கிழங்கு தைப்பொங்கலை ஒட்டி வரும். ஆடி முதல் நாளுக்குக் கூழும் கொழுக்கட்டையும். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை இங்கே தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கிறோம். அந்தப் பாட்டின் சந்தோசமெல்லாம் நாளைக்கு வரப்போகும் ஒன்றுக்காகக் காத்திருப்பதில்தான் உள்ளது. நாங்கள் செய்முறையைக் காப்பாற்றினோம், காத்திருப்பதை விட்டுவிட்டோம்.

இந்த நகரம் காத்திருக்கத் தெரிந்த நகரம். 1933இல் திறந்த ஜோன்-தலோன் சந்தைக்கு வருடம் முழுக்கப் போய்ப்பார்த்தால் அது விளங்கும். வைகாசியில் சுருண்ட பன்னத் தளிர் வரும். ஆனிக் கடைசியில் ஸ்ரோபெரி. ஓகஸ்ற்றில் லாக்-சான்-ஜோன் பக்கத்துப் புளூபெரியும் சோளமும். சோளத்துக்குக் கியூபெக்கில் வழங்கும் பெயரின் பொருள் 'இந்தியக் கோதுமை'. கொலம்பஸின் பிழை இன்னும் சந்தையில் கூவி விற்கப்படுகிறது. ஓகஸ்ற் மாதத்தில் ஆட்கள் கூடியிருந்து சோளம்பொத்திகளை உரித்து அவித்து வெண்ணெய் பூசிச் சாப்பிடும் விருந்து இங்கே ஒரு திருவிழா மாதிரி. நாங்கள் அதே பொத்தியை வாங்கி, தணலில் வாட்டி, தேசிக்காயும் உப்பும் மிளகாய்த்தூளும் தேய்த்துச் சாப்பிடுகிறோம். மிளகாயும் சோளமும் ஒரே கண்டத்திலிருந்து புறப்பட்டவை. ஊரைச் சுற்றி வந்து எங்கள் வீட்டுப் பின்வளவில் மறுபடி சந்திக்கின்றன. இதைப் பற்றி ஒரு கதை யாரும் எழுதவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

எழுதப்படாத இன்னொன்று மேப்பிள். இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் தொகுத்து 1994இல் வந்த புலம்பெயர் சிறுகதைத் தொகுப்புக்குப் 'பனியும் பனையும்' என்று பெயர். அழகான பெயர். எங்கள் முப்பது வருட எழுத்தின் சூத்திரமும் அதுவாகவே ஆகிவிட்டது. அந்தப் பக்கம் ஒரு மரம் நிற்கிறது. இந்தப் பக்கம் மரம் இல்லை, வெறும் குளிர். ஆனால் இந்தப் பக்கமும் ஒரு மரம் உண்டு. பங்குனியில் இரவு உறைந்து பகல் உருகும் நாட்களில் அதன் தண்டில் துளையிட்டுச் சாறு எடுக்கிறார்கள். ஏறத்தாழ 40 லீற்றர் சாற்றைக் காய்ச்சினால் 1 லீற்றர் பாகு. கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டி எடுத்த ஊரிலிருந்து வந்தவனுக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சீனிக் குடிசை என்று இங்கு சொல்லப்படும் இடத்துக்கு முதன்முதல் போனபோது, நீண்ட மேசைகளில் முன்பின் தெரியாதவர்களோடு நெருங்கியிருந்து, பட்டாணிச் சூப்பும் முட்டையும் பன்றியிறைச்சியும் எல்லாவற்றின் மேலும் பாகுமாகச் சாப்பிட்டோம். வெளியே பனியின் மேல் ஊற்றிய சூடான பாகைக் குச்சியில் சுருட்டித் தந்தார்கள். மனைவி வாயில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இது எங்கட பனம்பாணியல்லோ."

அந்த வசனத்தில் எங்கள் இலக்கியம் தவறவிட்ட ஒரு வழி இருக்கிறது. ஒப்பிடுவதோடு அது நின்றுவிடாது. ஊரில் அந்தப் பனையில் ஏறியவர் யார், ஏறி இறங்கியபின் அவர் தேத்தண்ணி குடித்தது கடைக்கு உள்ளேயா வெளியேயா என்றும் கேட்கவேண்டிவரும். இங்கே பிரெஞ்சுக்காரர் வருமுன்பே மேப்பிள் சாறு எடுத்த முதற்குடிகளுக்கு இந்தத் தொழிலில் இன்று என்ன இடம் என்றும் கேட்கவேண்டிவரும். நல்ல உணவெழுத்துக்கு இன்பமும் வேண்டும், இந்தக் கேள்விகளும் வேண்டும். ஒன்றை எழுதுவதற்காக மற்றதை விடத் தேவையில்லை.

இதே நகரத்தில் இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். லெபனானிலிருந்து வந்த ராவி ஹாஜின் 'கொக்ரோச்' (2008) நாவலின் கதைசொல்லி மொன்றியல் குளிரில் ஓர் ஈரானிய உணவகத்தில் வேலை செய்கிறான். பசி அவனுக்குக் கோபமாகிறது. அந்தக் கோபத்தின் வழியாக உள்ளே இருந்து சாப்பிடுபவர்களை அவன் ஒவ்வொருவராகப் பார்க்கிறான். வியட்நாமிலிருந்து பத்து வயதில் படகேறிய கிம் துய், கியூபெக்கில் சட்டத்தரணியாக இருந்து, பிறகு மொன்றியலில் ஓர் உணவகம் நடத்தி, அதன் பின்னரே எழுத வந்தவர். அவருடைய 'மான்' (2013) நாவலின் பெண் மொன்றியலில் கணவனின் சிறிய உணவகத்தில் சமைக்கிறாள். சமைத்துச் சமைத்தே தனக்கென ஓர் ஆசை இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கிறாள். ஒருவரிடம் கசப்பும் மற்றவரிடம் கனிவுமாக இருந்தாலும் இருவருக்கும் அடுப்பு எரிவது இங்கே, இன்று. போரிலிருந்து தப்பி இந்த நகரத்துக்கு வந்த நாங்களும் இதே குசினிகளில்தான் நின்றோம். எங்களிடம் அண்ணர் இருந்தார், அவரைப் பற்றிய நாவல் இல்லை.

ஏன் இல்லை என்பதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்லமாட்டேன். ஒவ்வொரு விலையையும் நாங்கள் ரூபாயாக மாற்றிப் பார்த்தோம். ஒரு இரவுச் சாப்பாட்டின் காசு ஊரில் ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். 2009 மே மாதத்தில் வீட்டுச் சோறே தொண்டையால் இறங்கவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் ருசியைப் பற்றி எழுதுவது துரோகம் போலத் தோன்றியது. அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது பழகிப்போய், எழுத்தில் ஒரு நெறியாகவே இறுகிவிட்டது. துக்கப்பட்டால்தான் தமிழன் என்றாகிவிட்டது.

பயணத்திலும் இதே கதைதான். ரொறன்ரோவுக்கு ஏறத்தாழ 540 கிலோமீற்றர். கட்லட்டும் ரோல்ஸும் வீட்டிலிருந்தே பெட்டியில் வரும், வழியில் கோப்பிக்கு மட்டும் நிறுத்துவோம். பாரிஸுக்கு ஒருமுறை போய் ஐந்து நாள் நின்றேன், ஐந்து நாளும் லா சப்பலில்தான் சாப்பிட்டேன். அந்தக் கொத்துரொட்டி நல்லதுதான். ஆனால் திரும்பி வந்து பாரிஸைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, வெளியே மேசை போட்ட கோப்பிக்கடைகளைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவனாகவே எழுதியிருந்தேன். யாரும் என்னை வெளியில் நிறுத்தவில்லை. நானாகவே நின்றேன்.

புதிய ருசியைப் பழகினால் பழையதை இழந்துவிடுவோம் என்ற அச்சத்துக்கு எங்கள் வரலாறே பதில் சொல்லும். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' (2000) நூலில், தமிழ்நாட்டில் காப்பி நுழைந்தபோது எழுந்த கலக்கத்தையும், பின்னர் அதுவே ஒரு பண்பாட்டு அடையாளமாக மாறியதையும் காணலாம். எங்கள் காலை உணவான பாணுக்குப் பெயரே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. பாணும் சம்பலும் இல்லாத யாழ்ப்பாணத்தை இன்று எவரும் நினைத்துப்பார்ப்பதில்லை.

சாப்பிட்டு முடிந்தது. பேசிக்கொண்டே நான் கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறேன். மிச்சங்களை மேல்கோப்பையில் ஒதுக்கி, கத்தி முள்ளுக்கரண்டிகளை ஒரு பக்கமாக வைத்து. எனக்கே தெரியவில்லை.

"அப்பா, ஏன் அடுக்கிறியள்? அவை வந்து எடுப்பினம்."

அப்போதுதான் சொன்னேன். பின்பக்க ஒழுங்கை, இருபது மாதங்கள், அண்ணர், அவருடைய அப்பாவின் பேணி, எல்லாவற்றையும். அவள் இடைமறிக்காமல் கேட்டாள். பிறகு அடுக்கிய கோப்பைகளைக் காட்டி, "அப்ப அந்த மாமா இதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டாள்.

பார்த்தோம். ஸ்ரோபெரிக் கோப்பைகள் இரண்டும் வெறுமை. அவளுடைய மீன் பாதி மிச்சம்.

"மீன் பிடிக்கேல்லையா?"

"உப்புக் கூட, அப்பா. உங்களுக்குத் தெரியேல்லையா?"

தெரிந்தது. முதல் வாயிலேயே தெரிந்தது. ஆனால் காசு கொடுத்த சாப்பாட்டை மிச்சம் விடக்கூடாது என்று, வயிற்றில் இடியப்பத்தோடு, கடைசித் துண்டுவரை தின்று பாணால் வழித்திருந்தேன். என் கோப்பை அண்ணரிடம் போயிருந்தால், இன்றைக்கு மீன் திறம் என்று அவர் சமையல்காரருக்குக் கட்டைவிரலை உயர்த்தியிருப்பார்.